மேல் கம்பியில் வந்த கரண்டு

திருப்பூரில் சந்துக்குச் சந்து ஜெனரேட்டர் வந்த காலத்தில் நான் கம்பம் ஏறிக்கொண்டிருந்தேன். எனக்கு ஊர் கொமரலிங்கம். படிப்பு கொஞ்சம்தான். கரண்டு ஆபீஸில் குழி வெட்டும் கூலியாளாகச் சேர்ந்து லைன்மேன் ஆனேன்.

முன்னெல்லாம் கரண்டு போனால் வீதியே அடங்கிவிடும். மிஷின் நிற்கும். பெண்கள் வெளியே வந்து உட்காருவார்கள். நாங்கள் நிம்மதியாக ஏறுவோம். வெளிநாட்டு ஆர்டர் பெருகிய பிறகு அப்படி இல்லை. கரண்டு போன மறுநிமிடம் கொல்லைப்பக்கம் ஜெனரேட்டர் கத்தும். சந்தெல்லாம் டீசல் புகை.

அந்தக் கரண்டு கம்பெனிக்குள்ளேயே இருந்துவிட்டால் பிரச்சினை இல்லை. லைன் வரும் வழியைத் துண்டிக்காமல் ஜெனரேட்டரை ஓட்டினால், கரண்டு மீட்டரைத் தாண்டிக் கம்பத்துக்கு வந்துவிடும். மேலே ஒருவன் கம்பியைப் பிடித்துக்கொண்டிருப்பான். ஜெனரேட்டருக்கு அது தெரியாது. இதற்கென்று சேஞ்ச் ஓவர் சுவிட்சு இருக்கிறது. கைப்பிடியை ஒரு பக்கம் போட்டால் லைன், மறுபக்கம் போட்டால் ஜெனரேட்டர். இரண்டும் ஒன்றையொன்று பார்க்காது. பெரிய கம்பெனிக்காரர்கள் மாட்டியிருந்தார்கள். சின்ன இடங்களில் மீட்டர் பக்கத்தில் லைனைச் சேர்க்கும் பீஸ் கட்டையைப் பிடுங்கி வைத்துவிட்டு ஜெனரேட்டரைப் போடுவார்கள். பிடுங்க மறந்தும் போடுவார்கள்.

அதனால் நானும் என் கூட்டாளியும் ஒரு பழக்கம் வைத்திருந்தோம். அவன் மூலனூர்க்காரன். என்னைவிட இளையவன். முறைக்கு மாப்பிள்ளை இல்லை, ஆனாலும் மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். கம்பம் ஏறுவதற்கு முன் ஜெனரேட்டர் இருக்கும் கம்பெனி ஒவ்வொன்றிலும் போய்ப் பீஸ் கட்டைகளைப் பிடுங்கி வாங்கிவிடுவோம். எது யாருடையது என்று தெரிய, அந்தந்தக் கம்பெனியில் கிடக்கும் வேஸ்ட் துணியைக் கிழித்துக் கட்டுவோம். நீலத் துணி ஒருவர், ரோஸ் துணி ஒருவர். எல்லாம் ஒரு பைக்குள் போகும். வேலை முடிந்த பிறகுதான் திருப்பிக் கொடுப்போம். கட்டை எங்களிடம் இருக்கும்வரை யாரும் எங்களைக் கொல்ல முடியாது என்று நினைத்தோம்.

முதலாளிமார் சலித்துக்கொள்வார்கள்.

"தாலியக் கழட்டி வாங்குறாப்ல வாங்குறீங்களே."

"எம் பொண்டாட்டி தாலிக்குத்தானுங்க வாங்குறேன்" என்பான் கூட்டாளி. அவனுக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

தொண்ணூறுகளின் ஆரம்பம் அது. கடும் வெயில். ஒரு சந்தில் ஜம்பர் கருகிவிட்டது. ஜம்பர் என்பது கம்பத்தில் இந்தப் பக்கத்துக் கம்பியையும் அந்தப் பக்கத்துக் கம்பியையும் சேர்க்கும் துண்டு. மிஷின் பெருகப் பெருகப் பாரம் தாங்காமல் கருகும். கம்பத்துக்கு அந்தப் பக்கம் சந்துக்குள் மூன்று பனியன் கம்பெனி, சில வீடுகள், முனையில் ஒரு சலூன். அதோடு லைன் முடிந்துவிடும்.

டிரான்ஸ்பார்மரை நிறுத்தினோம். டிரான்ஸ்பார்மர் பக்கத்துக் கம்பிகள் மேல் சங்கிலி போட்டோம். நாலு கம்பியையும் ஒன்றாகச் சேர்த்துப் பூமிக்கு இறக்கும் சங்கிலி. மூன்று கம்பெனியிலும் பீஸ் கட்டை வாங்கினோம். பை என் தோளில் தொங்கியது. அன்று அவன் ஏறும் முறை. நான் கீழே.

கருகிய துண்டுகளை எல்லாம் முதலில் வெட்டி எறிந்தான். வெட்டியதும் சந்துப் பக்கத்துக் கம்பிகளுக்கும் டிரான்ஸ்பார்மர் பக்கம் கிடந்த சங்கிலிக்கும் தொடர்பு விட்டுப்போயிற்று. சந்துப் பக்கத்துக்கு இன்னொரு சங்கிலி போட வேண்டும். வேறு வேலைக்குப் போன ஆட்கள் அதை எடுத்துப் போயிருந்தார்கள். கட்டைதான் பையில் இருக்கிறதே என்று இருவருமே பேசாமல் இருந்தோம்.

புதுத் துண்டுகளைக் கீழிருந்து ஒவ்வொன்றாக முறுக்கி வந்தான். மூன்று கம்பி முடிந்தது. மேல் கம்பி ஒன்றுதான் பாக்கி. அதற்கான துண்டை டிரான்ஸ்பார்மர் பக்கம் முறுக்கிவிட்டான். மறுமுனையை வளைத்துச் சந்துப் பக்கம் கொண்டுவர வேண்டும். விறைப்பான கம்பி. கையை விட்டால் வில் மாதிரி நிமிரும். கம்பெனிகளில் ஜெனரேட்டர்கள் கத்திக்கொண்டிருந்தன. அது வழக்கம்தான். கட்டை எங்களிடம் இருந்தது.

அப்போது சலூனில் ரேடியோ பாட ஆரம்பித்தது.

முதலில் எனக்கு விளங்கவில்லை. சந்தில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு விளங்கிவிட்டது. "கரண்டு வந்துருச்சு" என்று கூட்டமாகக் கத்தினார்கள். ஒரு வீட்டுக்குள்ளிருந்து, "மோட்டரப் போடு, மோட்டரப் போடு" என்று ஒரு பெண் குரல். சந்து முழுக்கச் சந்தோஷம்.

நான் மேலே பார்த்தேன். அவனும் என்னைப் பார்த்தான். பிள்ளைகள் கத்தியது அவனுக்கும் கேட்டிருக்கிறது. துண்டின் முனை அவன் கையில் வளைந்து நின்றது. அதற்கும் மேல் கம்பிக்கும் ஒரு முழம் இருக்கும்.

கீழ்க் கம்பிகளை இணைத்தாயிற்று. அவை சங்கிலியோடு சேர்ந்துவிட்டன. அவற்றில் கரண்டு நிற்காது. கரண்டு வந்திருக்கிறது என்றால் மேல் கம்பியில்தான். அவன் தலை அதற்கு நேராக இருந்தது. கையிலிருக்கும் துண்டு பூமியோடு சேர்ந்தது. அது நிமிர்ந்து மேல் கம்பியைத் தொட்டால் அவன் முகத்துக்கு எதிரில் வெடிக்கும். துண்டை விடவும் முடியாது. பிடித்துக்கொண்டு இறங்கவும் முடியாது.

"மாப்ள, அசையாத" என்றேன்.

"எங்கிருந்துடா வருது?"

"தெரியல. பிடிச்சுக்க."

"கம்பி நிமிரப் பாக்குதுடா."

"பிடிச்சுக்க" என்று மட்டும் சொன்னேன்.

சலூனுக்கு ஓடினேன். சலூன்காரர் திருநெல்வேலிப் பக்கத்து ஆள். ஒருவருக்குப் பாதி முகம் மழித்திருந்தார்.

"அண்ணாச்சி, ரேடியோவ நிறுத்தாதீங்க. நல்லாச் சத்தமா வையுங்க."

"எதுக்குண்ணே?"

"கம்பத்துல ஆளு நிக்கறான். எதோ ஜெனரேட்டர்லிருந்து கரண்டு திரும்புது. ஒவ்வொண்ணா நிறுத்தறேன். பாட்டு நின்னா வாசல்ல நின்னு துண்டை ஆட்டுங்க."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "போங்கண்ணே, நான் பாத்துக்கிடுதேன்" என்றார். நுரை முகத்தோடு இருந்தவரும் எழுந்து அவர் பின்னால் வாசலுக்கு வந்துவிட்டார்.

முதல் கம்பெனி பக்கத்திலேயே இருந்தது. நிட்டிங் ஓட்டுகிறவர்கள். கொல்லைப்பக்கம் போய் ஜெனரேட்டர் ஆளிடம் கையைக் காட்டினேன். அவன் என் முகத்தைப் பார்த்து உடனே நிறுத்திவிட்டான். வெளியே வந்தேன். சலூன்காரர் வாசலில் நின்று இல்லை என்று தலையை ஆட்டினார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டாவதில் முதலாளி இல்லை. சூப்பர்வைசர் இருந்தார். கட்டிங் டேபிளுக்கு முன்னால் நின்று, "மொதலாளிய ஒரு வார்த்தை கேட்டுக்கறனுங்க, போன் போட்டுப் பாக்கறேன்" என்றார். நான் அவரைத் தாண்டிப் போய் ஜெனரேட்டரின் நிறுத்தும் கம்பியை இழுத்தேன். உள்ளே நாற்பது ஐம்பது மிஷின் ஒன்றாக அடங்கியது. அந்த அமைதியில் பாட்டு இன்னும் நன்றாகக் கேட்டது. சூப்பர்வைசர் என் பின்னால் எதையோ சொல்லிக்கொண்டே வந்தார். நான் கம்பத்தைப் பார்த்தேன். அவன் துண்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

மூன்றாவது கம்பெனி சந்தின் உள்ளே தள்ளி இருந்தது. கீழே கம்பெனி, மேலே வீடு. முதலாளி மரியாதையான ஆள். தோட்டத்தை விற்று மிஷின் போட்டவர். கேட்டைத் திறந்ததும் கும்பிட்டார்.

"வாங்க வாங்க. வெயில்ல என்னங்க இப்படி ஓடியாறீங்க. உக்காருங்க, மோரு கொண்டாரச் சொல்றேன்."

"ஜெனரேட்டர நிறுத்தோணுமுங்க."

"ஏனுங்க? கட்டையத்தான் காத்தாலேயே குடுத்துட்டமே. உங்க பைலதான் இருக்குது. பச்சைத் துணி கட்டுனீங்களே."

"இருக்குதுங்க. ஆனாலும் நிறுத்தோணும். கம்பத்துல கரண்டு வருது."

"நம்முளுதுல இருந்து வர வழியே இல்லீங்க. கட்டையில்லாம எப்படிங்க வரும்? நீங்களே சொல்லுங்க." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். "துணி மிஷின்ல ஓடிட்டிருக்குது. பாதில நின்னாத் துணில கோடு உழுந்துரும். இன்னிக்குப் போவோணும் அது. சித்தெ நேரம் பொறுங்க, இந்த ரோல் எறங்கீரும்."

அவர் சொன்னது சரிதான். கட்டை என் தோளில் இருந்தது. பச்சைத் துணி முடிச்சு விரலில் தட்டுப்பட்டது. ஆனால் முதல் இரண்டையும் நிறுத்தியாயிற்று. பாட்டு நிற்கவில்லை.

"மோரு குடிச்சிட்டுப் போங்க" என்றார் மறுபடியும்.

அந்த நேரத்தில் மேலே ஒரு சத்தம் கேட்டது. மிஷின் சத்தத்துக்கு நடுவில் தனியாக. கடகடவென்று கல் உருளும் சத்தம்.

"மேல என்னங்க ஓடுது?"

"அதுங்களா, கிரைண்டர். மாவாட்டறாங்க."

"கரண்டு ஏதுங்க ஊட்டுக்கு?"

"கம்பெனிலிருந்து ஒயர் இழுத்துருக்குது. நேத்துத்தான் போட்டோம். கரண்டு போனா ஊட்டம்மா தினமும் சண்டை. மாவு புளிக்குது, பிள்ளைக்குக் காத்து இல்லைன்னு. கம்பெனிக்கு மட்டும் ஜெனரேட்டர், ஊட்டுல இருக்கறவங்க மனுசங்க இல்லையான்னு கேட்டா என்னங்க பண்றது."

வீட்டுக்குத் தனி மீட்டர், தனி சர்வீஸ். கம்பெனிக்கு வேறு. நாங்கள் கம்பெனிக் கட்டையை வாங்கினோம். வீட்டுக் கட்டையை யாரும் கேட்கவில்லை. வீட்டுக்கு ஜெனரேட்டர் ஏது என்று நினைத்தோம். வீட்டம்மா மாவாட்டச் சுவிட்சைப் போட்டதிலிருந்து, கீழேயிருந்து போன ஒயரில் வந்த கரண்டு வீட்டு போர்டுக்குள் புகுந்து, வீட்டு மீட்டர் வழியாக மேல் கம்பிக்குப் போய்க்கொண்டிருந்தது. மற்ற நாளாக இருந்தால் தெருவே அந்தக் கரண்டை இழுத்து ஜெனரேட்டரை முடக்கியிருக்கும். சங்கிலியாவது அடக்கியிருக்கும். அன்று நாங்களே ஜம்பரை வெட்டிச் சந்தைத் தனியாகப் பிரித்து வைத்திருந்தோம். இழுக்கச் சில வீடும் ஒரு ரேடியோவும்தான். ஜெனரேட்டர் சுகமாகத் தாங்கியது.

இதை எல்லாம் பிறகுதான் கோர்வையாக யோசித்தேன். கொல்லைக்குப் போனேன். ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் நின்ற ஆள் குறுக்கே வந்தான். அவனைத் தள்ளிவிட்டு நிறுத்தும் கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். ஜெனரேட்டர் இருமி இருமி நின்றது.

மேலே கல் நின்றது. சந்து முனையில் பாட்டு நின்றது. வெளியே வந்தபோது சலூன்காரர் தலைக்கு மேல் துண்டைச் சுற்றிக்கொண்டிருந்தார். "நின்னுட்டுண்ணே, நின்னுட்டு" என்றார். பிள்ளைகள் "கரண்டு போச்சு" என்று கத்தினார்கள்.

அதோடு விட முடியாது. நான் போனதும் யாராவது மறுபடி போட்டுவிடுவார்கள். மாடிப்படி ஏறினேன். வீட்டம்மா கையெல்லாம் மாவோடு நின்றுகொண்டிருந்தார்.

"ஏனுங்க, நிறுத்திப்போட்டீங்க? பாதி மாவு கெடக்குது."

"மெயின் போர்டு எங்கீங்க?"

கதவுக்குப் பின்னால் காட்டினார். வீட்டுக் கட்டையைப் பிடுங்கினேன். கீழேயிருந்து வந்த ஒயரைக் கட்டிங் பிளேயரால் வெட்டினேன். முதலாளி பின்னாலேயே ஏறி வந்திருந்தார்.

"புது ஒயருங்க அது" என்றார்.

"கம்பத்துல ஒரு பையன் நிக்கறானுங்க" என்றேன். "அவனுக்கும் ஊட்டுல ஆளிருக்குது."

அவர் ஜன்னல் வழியாகக் கம்பத்தைப் பார்த்தார். வெயிலில் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். வீட்டம்மா புடவையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கம்பத்துக்கு ஓடினேன்.

"மாப்ள, நின்னுருச்சு. கட்டையைப் புடுங்கியாச்சு. துண்டை விடு."

அவன் விடவில்லை.

"விடுடா. ஒண்ணுமில்ல."

"விட வரமாட்டேங்குது" என்றான். மெதுவாகத்தான் சொன்னான். விரல் பூட்டிக்கொண்டுவிட்டது.

பையைச் சலூன்காரரிடம் கொடுத்தேன். "யாரு வந்து கேட்டாலும் குடுக்காதீங்க" என்றேன். அவர் அதைக் கழுத்தில் மாட்டி, மார்போடு கட்டிப் பிடித்துக்கொண்டார். நான் ஏறினேன்.

மேலே போனால் அவன் கண் மேல் கம்பியை விட்டு நகரவில்லை. வேர்வை மூக்கு நுனியில் சொட்டிக்கொண்டிருந்தது. நான் முதலில் ஓர் ஒயர்த் துண்டின் ஒரு முனையைக் கீழ்க் கம்பியில் மாட்டி, மறு முனையைக் காய்ந்த மூங்கில் குச்சியால் தூக்கி மேல் கம்பியில் சாத்தினேன். வெடிக்கவில்லை. அதைப் பார்த்த பிறகும் அவன் நம்பவில்லை. நானே மேல் கம்பியைக் கையால் பிடித்தேன். பிடித்துக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்தேன்.

அப்போதுதான் மூச்சு விட்டான்.

அவன் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன். துண்டு நிமிர்ந்து மேல் கம்பியில் டங்கென்று அடித்தது. இருவரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றோம்.

"எறங்கு" என்றேன்.

"நீ எறங்கு. நான் முறுக்கீட்டு வாறேன்."

"கையப் பாரு."

பார்த்தான். ஆடிக்கொண்டிருந்தது. இறங்கினான். கடைசி ஜம்பரை நான் முறுக்கினேன். கீழே பார்த்தபோது அவன் கம்பத்தடியில் குந்தி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். மூன்றாவது கம்பெனி முதலாளி சொம்போடு பக்கத்தில் நின்றார். என்ன பேசினார்கள் என்று தெரியாது. அவன் சொம்பை வாங்கி வாய் கொப்பளித்தான். குடிக்கவில்லை.

வேலை முடிந்து சங்கிலியை எடுத்து டிரான்ஸ்பார்மரைப் போட்டோம். கட்டைகளைத் திருப்பிக் கொடுத்தோம். முதலாளி கேட்டருகில் நின்று, "சேஞ்ச் ஓவரு வாங்கி மாட்டீர்றனுங்க, ஊட்டுக்கும் சேத்து" என்றார். "வேற ஆளு வெச்சு மாட்டுங்க. இந்த ஒயரு இழுத்தவன் வேண்டாம்" என்றேன். சரிங்க என்றார். கொஞ்ச நாளில் மாட்டவும் செய்தார். போய்ப் பார்த்தேன். சரியாகத்தான் மாட்டியிருந்தது.

ஆபீஸில் நடந்ததைச் சொன்னேன். இனிமேல் இரண்டு பக்கமும் சங்கிலி இல்லாமல் ஏற வேண்டாம் என்றார்கள். ஏறவில்லை.

கூட்டாளி மறுநாள் வேலைக்கு வந்தான். வீட்டில் சொன்னாயா என்று நான் கேட்கவில்லை. கொஞ்ச நாள் அவனை ஏறவிடாமல் நானே ஏறினேன். அவன் கீழே நின்று கம்பி எடுத்துக் கொடுத்தான். யாராவது கடையில் ரேடியோவைத் திருப்பினால் கழுத்து வெடுக்கென்று திரும்பும்.

அப்புறம் ஒரு நாள் வேறு சந்து. வேறு கம்பம். நான் பெல்ட்டை எடுத்தேன். அவன் என் கையிலிருந்து அதை வாங்கி இடுப்பில் கட்டினான். காலை முதல் படியில் வைத்தவன், நின்றுவிட்டான்.

"எல்லா ஊடும் பாத்தாச்சா?"

"பாத்தாச்சு."

"மாடி ஊடு?"

"அதையுந்தான்."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் பொய் சொல்ல மாட்டேன் என்று அவனுக்குத் தெரியும். அந்த முதலாளியும் பொய் சொல்லவில்லை.

"இன்னொருக்கா பாத்துட்டு வா மாப்ள" என்றான்.

போனேன். வீடு வீடாகக் கதவைத் தட்டினேன். வெயில் ஏறிவிட்டது. திரும்பி வந்து எந்த வீட்டிலும் ஒயர் இல்லை என்று கையைக் காட்டினேன். அவன் ஏறினான்.